ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானிய வீட்டில் நீங்கள் தப்பு செய்தால் அன்றைக்கே யாரும் சொல்ல மாட்டார்கள். குளியல் தொட்டியில் சோப்பு நுரை மிதந்தால் அந்த வீட்டு அம்மா சத்தமில்லாமல் தண்ணீரை மாற்றிவிடுவார். இரவு பத்தரைக்கு நீங்கள் ஊருக்குப் போன் போட்டு உரக்கப் பேசினால் பக்கத்து அறைக் கதவு மெல்லச் சாத்தப்படும், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதம் கழித்து உங்களை அனுப்பிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும்போதுதான் விஷயமே தெரியவரும். ஆகவே அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டு வழக்கம் ஒவ்வொன்றையும் முதல் வாரத்திலேயே நீங்களாகக் கேட்டுவிடுங்கள். புதிதாக வந்தவர் கேட்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால்தான் கூச்சம்.

ஹோம்ஸ்டேயில் இரண்டு வகை உண்டு. ஏஎஃப்எஸ், ரோட்டரி போன்ற மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் குடும்பங்கள் பொதுவாகப் பணம் வாங்காமல் விருப்பப்பட்டு ஏற்றுக்கொள்கின்றன. மொழிப்பள்ளி, பல்கலைக்கழகம் வழியாகப் போனால் மாதக் கட்டணம் இருக்கும். அதில் எத்தனை வேளைச் சாப்பாடு சேர்த்தி, மதியச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நடந்துகொள்ளும் விதம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் சாப்பாடு. "நான் சைவம்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்குத்தான் அங்கே அதிகச் சிரமம். 'பெஜிதாரியன்' என்ற சொல் ஜப்பானில் பலருக்கு "இறைச்சித் துண்டு சாப்பிடாதவர்" என்ற அளவில்தான் புரிகிறது. ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்ற சாறு. பெரும்பாலும் 'கட்சுவோபுஷி' என்னும் காய்ந்த சூரை மீன் சீவலிலோ, 'நிபோஷி' என்னும் சின்னக் கருவாட்டிலோ அதைக் காய்ச்சுவார்கள். மிசோ சூப், சோபா நூடுல்ஸுக்கான குழம்பு, வேகவைத்த பூசணி, முட்டைச் சுருள் என எல்லாவற்றிலும் அது இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் விற்கும் 'கரே' என்னும் ஜப்பானியக் குழம்புக்கான மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பல தடவை சேர்ந்திருக்கும்.

ஆகவே ஒரு பக்கத்தில் பட்டியல் எழுதி, ஜப்பானிய மொழியில் பெயர்த்து, குடும்பம் முடிவாகும் முன்பே அமைப்புக்கு அனுப்புங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், மீன் தாஷி ஆகிய ஐந்துக்கும் எதிரே "சாப்பிடுவேன்", "மாட்டேன்" என்று எழுத வேண்டும். 'கொம்பு' என்னும் கடற்பாசியிலும் காய்ந்த ஷீத்தாகே காளானிலும் தாஷி காய்ச்சலாம், அது உங்களுக்குச் சரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சமைப்பவருக்கு ஒரு வழி கிடைக்கும். தாஷியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அந்த வீட்டில் வாழ்க்கை மிகவும் எளிது. முடியாதவர்கள் முடியாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அங்கே போய் இறங்கிய பிறகு சொன்னால், அந்த அம்மா ஒரு வருடம் முழுக்க இரண்டு பாத்திரம் வைத்துச் சமைக்க வேண்டிவரும். முஸ்லிம் மாணவர்கள் பன்றி இறைச்சியோடு 'மிரின்', சமையல் சாக்கே இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவை மதுவகை என்பதே சமைப்பவருக்குத் தோன்றாமல் போகலாம்.

மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் ஒன்று: "நிகு மோ சகானா மோ தபேமசேன்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். அதில் வரும் 'மோ' நம்முடைய '-உம்' வேலையைத்தான் செய்கிறது. '-க்கு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'நி' வரும், வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானியத்துக்கு மாற்றுவதை விட்டுவிட்டுத் தமிழில் யோசித்துப் பேசிப் பாருங்கள், வாக்கியம் தானாக வரிசையில் வந்து உட்காரும்.

அடுத்தது மருந்து. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாதத்துக்கும், கடையில் நேரடியாக வாங்கும் மருந்தை இரண்டு மாதத்துக்கும் மட்டுமே முன் அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற இறக்குமதி உறுதிச்சான்றைக் கிளம்பும் முன்பே இணையவழியில் வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சளி மாத்திரைகளுக்குத் தடை. நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளாமல் அட்டையைப் புரட்டிப் படியுங்கள்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட். இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்ட பிளக். போன், லேப்டாப் சார்ஜர்களில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் ஓர் அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் மிக்ஸி, மின்கெட்டில், ஹேர் டிரையர், தண்ணீர் காய்ச்சும் ராடு ஆகியவை 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, அங்கே சூடேறாது, சரியாகச் சுற்றாது. தூக்கிப்போவது வீண்.

இறைச்சி சேர்ந்த எந்தப் பண்டமும், பாக்கெட் நூடுல்ஸாக இருந்தாலும், விமான நிலையத்தில் பறிமுதலாகும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், வெற்றிலை போன்றவையும் பயிர்நலச் சான்று இல்லாமல் உள்ளே போகாது. கடையில் முத்திரையிட்டு விற்கும் மசாலாப் பொடிகள் போதும். பெருங்காயத்தை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, அதை இன்னொரு டப்பாவில் வையுங்கள். மரவீட்டின் மூடிய அலமாரிக்குள் அந்த வாசனை வாரக்கணக்கில் நிற்கும்.

அன்பளிப்பு சின்னதாக, தனித்தனியாகச் சுற்றிக் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். நீலகிரித் தேயிலை, கைத்தறித் துண்டு, கடலை மிட்டாய் (வீட்டில் யாருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இல்லை என்று கேட்டுவிட்டு). நான்காக எதையும் கொடுக்காதீர்கள், நான்கைக் குறிக்கும் 'ஷி' என்ற ஒலி சாவையும் குறிக்கும். இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரித்துப் பார்க்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். அது அவர்கள் வழக்கம்.

லைன் என்னும் செய்திச் செயலியை இங்கேயே நிறுவி, உங்கள் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியால் சரிபார்த்துவிட்டுப் போங்கள். குடும்பத்தோடு தொடர்பு அனேகமாக அதில்தான் நடக்கும். அங்கே போய்ப் பழைய சிம் வேலை செய்யாதபோது சரிபார்ப்பது தலைவலி.

வாசலில்

கதவைத் திறந்ததும் தரை தாழ்ந்த ஒரு சின்ன இடம் இருக்கும். அதுதான் 'கென்கான்'. வெளியிலிருந்து வரும் தூசி அதோடு நிற்க வேண்டும். கழற்றிய ஷூவைத் தாழ்ந்த தரையில் விட்டுவிட்டு, காலைக் கீழே ஊன்றாமல் நேரே மேல்படியில் வைத்து ஏறுங்கள். சாக்ஸ் அணிந்த கால் தாழ்ந்த தரையைத் தொட்டுவிட்டு மேலே வந்தால், அந்த அழுக்கு வீட்டுக்குள் வந்த கணக்கு. ஏறியபின் ஒருபக்கமாகக் குனிந்து, ஷூவின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வையுங்கள். சூட்கேஸ் சக்கரத்தையும் இங்கேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதல் நாளே இதைச் செய்கிற மாணவரை அந்தக் குடும்பம் மறக்காது.

உள்ளே மரத்தரையில் செருப்பு உண்டு. 'தத்தாமி' பாய் விரித்த அறையில் அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை.

வெளியே கிளம்பும்போது "இத்தெகிமாஸ்" என்று சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் "போயிட்டு வரேன்" என்பதேதான். வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷாய்" என்பார், அது "போயிட்டு வா". திரும்பியதும் "ததாய்மா", பதிலுக்கு "ஒகாயெரி". வீட்டில் யாரும் கண்ணில் படாவிட்டாலும் குரல் கொடுங்கள். ஓசைப்படாமல் மாடியேறி அறைக் கதவைச் சாத்திக்கொள்வதை அங்கே கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டாரை அழைக்கும் முறை நமக்குப் பழகியதே. அம்மாவை 'ஒகாசான்', அப்பாவை 'ஒதோசான்', பாட்டியை 'ஒபாசான்' என்று நீட்டிச் சொல்லுங்கள். உங்களைவிட மூத்த பிள்ளையை அக்கா, அண்ணன் என்பதுபோல 'ஒனேசான்', 'ஒனிசான்'. இளையவர்களைப் பெயரோடு 'சான்' அல்லது 'குன்' சேர்த்துக் கூப்பிடலாம். முதல் நாள் எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிட்டால் குழப்பமில்லை.

குளியல்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

ஒரு தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர் வெந்நீர், வீட்டில் உள்ள எல்லோரும் அதே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக அமர்கிறார்கள். தொட்டி உடம்பைக் கழுவும் இடம் கிடையாது. கழுவி முடித்த உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் இடம் அது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற விதி எல்லாம் தானே விளங்கும்.

1. உங்கள் முறை எப்போது என்று கேளுங்கள். விருந்தாளி என்பதால் முதலில் போகச் சொல்வார்கள். "ஒசாகி நி" (முன்னால் போகிறேன்) என்று சொல்லிவிட்டுப் போங்கள்.
2. வெளியறையில் உடை மாற்றி, உள்ளே சிறிய முக்காலியில் உட்கார்ந்து, ஷவரில் தலை, உடம்பு எல்லாம் சோப்புப் போட்டு நுரை ஒட்டாமல் அலசுங்கள். நின்றுகொண்டு குளித்தால் தண்ணீர் தெறித்துத் தொட்டிக்குள் விழும்.
3. தலைமுடி நீளமானால் உயர்த்திக் கட்டுங்கள். தொட்டியின் மூடியைச் சுருட்டி ஓரமாக வைத்து, மெல்ல இறங்குங்கள். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். பழக்கமில்லாதவர் முதலில் 5 நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், தலை சுற்றும்.
4. துண்டைத் தொட்டிக்குள் நனைக்காதீர்கள்.
5. எழுந்தபின் மிதக்கும் முடியை எடுத்து, மூடியைத் திரும்பப் போடுங்கள். சூடு போகாது. அடைப்பானை பிடுங்காதீர்கள். உங்களுக்குப் பின் நான்கு பேர் காத்திருப்பார்கள். பல வீடுகளில் மறுநாள் துணி துவைக்கவும் அந்தத் தண்ணீரையே குழாய் வழியாக வாஷிங் மெஷினுக்கு இறைப்பார்கள்.
6. தரையில் நுரை, முடி இருந்தால் ஷவரால் தள்ளி, வடிகாலில் சேர்ந்த முடியைக் குப்பையில் போடுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தால் வரும் தவறுகள் சில. தொட்டியை அண்டாவாக எண்ணி அதிலிருந்தே மொண்டு மொண்டு தலையில் ஊற்றினால் கடைசியாக வருபவருக்கு இடுப்பளவுத் தண்ணீர்கூட மிஞ்சாது. சூடு தாங்கவில்லை என்று பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் ஆறிவிடும். சுவரில் இருக்கும் பலகையில் 'ஒய்தாகி' என்ற பொத்தான் தண்ணீரை மறுபடி சூடாக்கும், எது என்று முதல் நாள் காட்டச் சொல்லுங்கள். காலையில் குளிப்பது நமக்கு வழக்கம், அவர்கள் இரவில் குளித்துவிட்டுச் சுத்தமான படுக்கையில் படுப்பார்கள். காலையில் ஷவர் வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள். ஆனாலும் இரவுக் குளியலை விட்டுவிடாதீர்கள், வேர்வையோடு படுத்தால் படுக்கை விரிப்பைப் பார்த்து அந்த அம்மா மனதுக்குள் வருந்துவார். மாதவிடாய் நாட்களில் "கியோ வா ஷவா தகே தெ" (இன்றைக்கு ஷவர் மட்டும்) என்று சொன்னால் போதும், மேலே யாரும் கேட்க மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தலையில் தடவி ஊறவைத்துக் குளித்தால் குளிர்காலத்தில் அந்த எண்ணெய் வடிகாலில் கட்டியாகப் படிந்து தண்ணீர் தேங்கும். தொட்டியின் மேல் எண்ணெய்ப் படலமும் மிதக்கும். குளித்துத் துவட்டியபின் இரண்டு மூன்று சொட்டு மட்டும் தேய்த்துக்கொண்டு, தலையணை மேல் சொந்தத் துண்டு விரித்துப் படுங்கள். மஞ்சள், மருதாணி, சீயக்காய் மூன்றும் வெள்ளை பிளாஸ்டிக் குளியலறையில் கறையாகும், அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கழிப்பறையில் பெரும்பாலும் தண்ணீர் பீய்ச்சும் இருக்கை இருக்கும், அதனால் நமக்குக் கவலையில்லை. ஆரஞ்சு அல்லது சிவப்புச் சதுரம் போட்ட பொத்தான் பொதுவாக நிறுத்துவதற்கானது. எழுந்திரிக்கும் முன் அதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சுவரில் அடிக்கலாம். காகிதத்தைக் கோப்பைக்குள்ளேயே போட வேண்டும், நாப்கினை அல்ல. வெளியே ரயில் நிலையக் கழிப்பறைகளில் உதவிக்கு ஆள் அழைக்கும் பொத்தான் தனியாக இருக்கும், தெரியாமல் அழுத்திவிடாதீர்கள்.

படுக்கையும் குளிரும்

தத்தாமி அறை கிடைத்தால் இரவில் 'ஃபுதோன்' விரித்துப் படுப்பீர்கள். காலையில் எழுந்ததும் அதை மூன்றாக மடித்து, உடனே அலமாரியில் திணிக்காமல் 20, 30 நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு வையுங்கள். ராத்திரி முழுக்க உடம்பு விட்ட ஈரம் அடியில் தங்கியிருக்கும். ஒரு வாரம் விரித்தபடியே கிடந்தால் அடியில் பாய் கறுத்துப் பூசணம் பிடிக்கும், பாயை மாற்றும் செலவு அவர்கள் தலையில். வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் பால்கனியில் காயப்போடுவார்கள். நீங்களே தூக்கிப்போய்ப் போட்டால் சந்தோஷப்படுவார்கள்.

வடக்குத் தீவான ஹொக்கைதோவைத் தவிர மற்ற இடங்களில் பழைய வீடுகள் குளிர்காலத்தில் உள்ளே சில்லென்றிருக்கும். வீடு முழுவதையும் சூடாக்க மாட்டார்கள், ஆள் இருக்கும் அறையை மட்டும். கூடத்தில் 'கொதாத்சு' என்ற சூடேறும் மேசைக்கடியில் எல்லோரும் கால் நீட்டி உட்காருவார்கள். மொழி கற்க அதைவிட நல்ல இடமில்லை, அறைக்குள் போர்வைக்குள் ஒடுங்காமல் அங்கே வந்து உட்காருங்கள். உங்கள் அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால் மணிக்கு ஒருமுறையாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அணைக்காமல் தூங்கவே கூடாது.

சாப்பாட்டு மேசை

சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம். "இததாகிமாஸ்" சொல்லித் தொடங்கி "கொச்சிசோசமா தெஷ்தா" சொல்லி முடியுங்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிட வேண்டும், தலையைக் குனிந்து தட்டருகே கொண்டுபோகக் கூடாது. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை எடுப்பதை அது நினைவூட்டும்.

நம்மவருக்குக் கடினமானது வேறொன்று. வெள்ளைச் சோறு அங்கே வெள்ளையாகவே இருக்க வேண்டும். நாம் குழம்பை ஊற்றிப் பிசைகிறோம். அவர்கள் ஒரு வாய் சோறு, ஒரு துண்டு தொடுகறி, ஒரு மிடறு சூப் என்று மாற்றி மாற்றி உண்கிறார்கள். சோற்றில் சோயா சாஸை ஊற்றுவதும், மிசோ சூப்பை ஊற்றிக் குழைப்பதும் பார்ப்பவருக்கு ஒருமாதிரி இருக்கும். 'கரே' குழம்புச் சோறு நாளில் மட்டும் தாராளமாகக் கலக்கலாம், அதுவும் கரண்டியால். தயிர்ச்சோறு தின்ன ஆசையாக இருந்தால் "எங்கள் ஊரில் இப்படி" என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர்களுக்குத் தயிர் என்றால் பழத்தோடு சாப்பிடும் இனிப்புப் பண்டம். ஒனிகிரி உருண்டையையும் சுஷியையும் கையால் சாப்பிடலாம்.

கிண்ணத்தில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காதீர்கள். கொஞ்சம்தான் வேண்டுமென்றால் போடும்போதே "சுகுனாமே தெ" என்று சொல்லுங்கள். பிடிக்காததை மரியாதைக்காக "ஒய்ஷீ" (ருசி) என்று புகழ்ந்தால் அது வாரம் இரண்டுமுறை வரும். "இது எனக்குக் கொஞ்சம் கடினம்" என்பதை முதல் தடவையே பணிவாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

பள்ளிக்குப் போகிறவர்களுக்குப் பல வீடுகளில் 'பென்தோ' என்னும் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டித் தருவார்கள். அதற்காக அந்த அம்மா ஆறு மணிக்கு முன்பே எழுந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை, பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சமையலறைத் தொட்டியில் வைத்து, மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவிக் கவிழ்ப்பது. "ஒய்ஷிகத்தா தெஸ்" (ருசியாக இருந்தது) என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் பையிலேயே கிடந்து, திங்கட்கிழமை காலை நாற்றத்தோடு வெளிவரும் டப்பா வேறெந்தப் பிழையையும்விட அதிகம் புண்படுத்தும்.

நீங்கள் ஒருநாள் சமைத்துப் போட விரும்பினால் ஞாயிறு மதியம் கேளுங்கள். தாளிப்பதற்கு முன்பே புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், மிளகாய் வற்றல் கருகினால் அலறும். அடுப்பு இண்டக்ஷன் வகை என்றால் குழிந்த அடி வாணலி வேலை செய்யாது. காரத்தைக் கால் பங்காகக் குறையுங்கள். அரிசி அளப்பது 'கோ' என்ற 180 மில்லி குவளையில், நான்கு பேருக்கு இரண்டு மூன்று குவளை போதும். ஒட்டும் அரிசி, பிசைய வராது, உருளைக்கிழங்குக் குருமா மாதிரி கெட்டியானது பொருந்தும். பருப்பும் மசாலாவும் வேண்டுமானால் டோக்கியோவில் ஷின்-ஒகுபோ, நிஷி-கசாய் பக்கம் கடைகள் உண்டு. எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள், உறையவைக்கும் பொடி போட்டுக் குப்பையில் சேர்ப்பார்கள்.

சொல்லாமல் சொல்வது

"சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் அது "வேண்டாம்" என்றே பொருள். "இந்த ஞாயிறு நண்பர்களை வீட்டுக்கு அழைக்கலாமா?" என்று கேட்கிறீர்கள், அவர் தலையைச் சாய்த்து மூச்சை உள்ளிழுத்தால் விடை கிடைத்துவிட்டது. வற்புறுத்தாதீர்கள்.

நம் தலையாட்டல் அங்கே பெரிய சிக்கல். சரி என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு மறுப்பாகவோ தயக்கமாகவோ தெரியும். மேலும் கீழுமாக ஆட்டி "ஹை" என்று வாயால் சொல்லிப் பழகுங்கள். ஆனால் புரியாதபோது "ஹை" சொல்லாதீர்கள். "சுமிமசேன், மோ இச்சிதோ" (மன்னிக்கவும், இன்னொரு தரம்) சொல்லிக் கேளுங்கள். புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் தவறான ரயிலில் ஏறுவது இப்படித்தான் நடக்கிறது.

வரத் தாமதமானால் தாமதமாகும் என்று தெரிந்த அந்த நிமிடமே லைனில் சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்பதைக் காலையிலேயே சொல்ல வேண்டும், மீன் ஆளுக்கொரு துண்டாக எண்ணித்தான் வாங்குவார்கள். இரவு திரும்ப வேண்டிய நேரத்துக்கு 'மொன்கென்' என்று பெயர், எத்தனை மணி என்று முதல் நாளே கேளுங்கள். இந்தியா ஜப்பானைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் வீட்டில் இரவு எட்டு என்றால் அங்கே பதினொன்றரை, சுவரோ மெல்லியது. ஊரோடு பேசுவதை வார இறுதிப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அறையில் சாமி படம் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஊதுபத்தி, விளக்கு ஏற்றுவதை மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல வீடுகளில் முன்னோர்களுக்கான 'புத்சுதான்' மாடத்தில் பத்தி ஏற்றுவார்கள், அந்த வாசனை அவர்களுக்கு இறந்தவர் நினைவு.

குப்பையும் துணியும்

குப்பையைப் பிரிக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். நகராட்சி கொடுத்த நாட்காட்டி சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும், அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எரியும் குப்பை, எரியாதது, பிளாஸ்டிக், பெட் பாட்டில், காகிதம் என்று வகைகள். பாட்டிலில் மூடியையும் லேபிளையும் கழற்றி, உள்ளே அலசி நசுக்க வேண்டும். உரிய நாளில் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஊர்களில் விதி. தவறாகப் பிரித்த பையை எடுக்காமல் ஒட்டுச்சீட்டு ஒட்டி விட்டுப்போவார்கள். தெருவே அதைப் பார்க்கும், வெட்கப்படுவது உங்கள் வீட்டு அம்மா.

துணியை யார், எந்த நாளில் துவைப்பார்கள் என்று கேளுங்கள். பச்சைத்தண்ணீரில் எல்லோர் துணியும் சேர்ந்து சுற்றும், சாயம் போகும் சுங்குடி, புதுச் சிவப்புக் குர்தா போன்றவற்றை முதல் சில தடவை கையால் தனியே அலசிக்கொள்ளுங்கள். உள்ளாடையை வலைப்பையில் போட்டுக் கொடுப்பது வழக்கம்.

அலுவலகம், ரயில், நிலநடுக்கம்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே வசிப்பு அட்டை தருவார்கள். தங்கும் வீட்டுக்குப் போன 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும், தேசிய உடல்நலக் காப்பீட்டிலும் அன்றே சேர்ந்துவிடலாம். சேர்ந்தால் மருத்துவச் செலவில் பொதுவாக 30 சதவீதம் மட்டும் உங்களுடையது. 20 வயது ஆனவர்களுக்கு ஓய்வூதியப் பதிவும் உண்டு, படிப்பவர்கள் அதே அலுவலகத்தில் மாணவர் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். வசிப்பு அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், அனுமதி இருந்தாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். பள்ளிப் பரிமாற்ற மாணவர்களை வேலை செய்ய அமைப்புகள் விடுவதில்லை.

தினம் ஒரே வழியில் ரயிலில் போனால் 'தெய்கி' என்ற மாதாந்தரப் பயணச்சீட்டு மலிவு. ரயிலுக்குள் போனில் பேசக் கூடாது.

நிலநடுக்க எச்சரிக்கை எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் அலறும். மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள், வெளியே ஓடாதீர்கள். கண்ணாடிச் சில்லு காலில் ஏறாமலிருக்கக் கட்டிலருகே செருப்பும் ஒரு கைவிளக்கும் எப்போதும் இருக்கட்டும். அருகிலுள்ள புகலிடத்துக்கு, அது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம், வீட்டாரோடு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். 119 தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும், 110 காவல்துறைக்கு. பேரிடரில் போன் இணைப்பு கிடைக்காதபோது 171 என்ற எண்ணில் குரல் செய்தி பதிந்து வைக்கலாம்.

ஒத்துவராமல் போனால்

எல்லாம் செய்தும் சில வீடுகள் பொருந்தாது. சாப்பாடு போதவில்லை, வீட்டில் எப்போதும் சண்டை, தொடுகையிலோ பேச்சிலோ உங்களுக்குச் சங்கடம் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வேறு வீட்டுக்கு மாற்றுவது இந்தத் திட்டங்களில் வழக்கமாக நடப்பதுதான், உங்கள் பேரில் கறை எதுவும் இல்லை. சின்ன மனத்தாங்கல் என்றால் முதலில் அந்த அம்மாவிடமே, "சோதான் ஷித்தாய் கொதோ கா அரிமாஸ்" (கலந்து பேச ஒன்று இருக்கிறது) என்று தொடங்குங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், பாத்திரம் கழுவும் நேரத்தில் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே பேசலாம்.

கிளம்பும் நாள்

ஒரு வாரம் முன்பே நகராட்சியில் வெளியேறும் பதிவையும் காப்பீட்டையும் முடித்துவிடுங்கள். படுக்கை விரிப்புகளைக் கழற்றி மடித்து, அறையைத் துடைத்து, குப்பையை அந்த வார நாட்காட்டிப்படி வெளியேற்றுங்கள். நீங்கள் போன பிறகு வரும் பெரிய குப்பைக்கு அவர்கள் கட்டணம் கட்ட வேண்டியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'சயோனாரா' வீட்டாரிடம் சொல்லும் சொல் அல்ல, வாசலில் வழக்கம்போல "இத்தெகிமாஸ்" என்றே சொல்லலாம். படிப்பை முடித்து ஒரேயடியாகத் திரும்புகிறவர்கள் வசிப்பு அட்டையை விமான நிலையக் குடிநுழைவு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஊர் சேர்ந்ததும் லைனில் ஒரு செய்தி, இரண்டு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஹிரகனா என்னும் எளிய ஜப்பானிய எழுத்தில் எழுதுங்கள். பொதுவான நன்றியைவிட, எந்த நாளில் என்ன செய்து கொடுத்தார்கள் என்று ஒன்றிரண்டைப் பெயர் சொல்லி எழுதுவது அவர்களுக்குப் பிடிக்கும். முகவரியை ரோமன் எழுத்தில் எழுதினாலும் போய்ச் சேரும், 7 இலக்க அஞ்சல் குறியீட்டெண் மட்டும் சரியாக இருக்கட்டும்.